சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி

அந்தப் பட்டறையில் அவள் பெயர் தாலாட்டு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. வண்டி கொண்டு வருகிறவர்கள்கூட, "தாலாட்டு அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். நாற்பத்து நான்கு வயது, ஒல்லி உடம்பு, எந்நேரமும் ரப்பர் செருப்பு. கார்களைத் தூங்கவைப்பது அவளுடைய தொழில்.

இது கேலிக்குச் சொல்வதல்ல. சாதாரணக் காரைப் பூட்டினால் அது அப்படியே கட்டையாகக் கிடக்கும். ஜெர்மன் சொகுசுக் கார் அப்படியில்லை. அதற்குள் ஐம்பது அறுபது சின்னக் கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. கதவுக்கு ஒன்று, இருக்கைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. பூட்டிவிட்டு ஆள் போன பிறகும் அவை அரை மணி நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொன்றாக அடங்கும். கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் படுத்த பிறகும் ஒரு மருமகள் மட்டும் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்பாளே, அதுபோல ஒன்றே ஒன்று விழித்திருந்தால் போதும். அது பக்கத்தில் இருப்பதை எழுப்பும், அது இன்னொன்றை எழுப்பும், விடிந்து பார்த்தால் பேட்டரி செத்திருக்கும். அந்த மருமகள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் தாலாட்டின் வேலை.

அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. பானட்டைத் திறந்து வைப்பாள். கதவையும் திறந்தே வைத்து, பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிவிடுவாள்; கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். சாவியை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடித் தூரத்து அறையில் வைப்பாள், ஏனென்றால் சாவி அருகில் வந்தாலே இந்த வண்டிகள் கண் விழிக்கும். பேட்டரி வயரில் மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். அப்புறம் அசையமாட்டாள். நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம். ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டாள்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் அம்மா மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்த்த நர்ஸ். பகல் முழுக்கத் தூங்குவாள். ஒற்றை அறை வீடு. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, தட்டு கரண்டி உரசாமல், நாற்காலி இழுபடாமல், இருமலைக்கூடத் துணியில் பிடித்து வளர்ந்தவள் அவள். ஒரு உயிர் தூக்கத்துக்குள் இறங்குவதைச் சுவாசத்தை வைத்தே சொல்லிவிடுவாள். கார்களும் அப்படித்தான் இறங்கும். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு 'டிக்'. யாருமில்லாத பெரிய வீட்டில் யாரோ அறை அறையாக விளக்கணைத்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும். கடைசி விளக்கு அணையும்போது அவளுக்கு இன்றைக்கும் முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடும்.

அந்தத் தம்பிதான் இப்போது பட்டறையை நடத்துகிறான். சத்தம் போடாமல் வளர்ந்ததற்கெல்லாம் சேர்த்து வைத்து இப்போது பேசுகிறவன்.

"ஜெர்மன்காரன் வண்டியை மட்டும் அனுப்பிட்டான் பாரு, கூடவே ஒரு டாக்டரையும் டிக்கியில வச்சு அனுப்பிருக்கணும்," என்பான். பட்டறையில் எந்நேரமும் ஏழெட்டு வண்டிகள் நிற்கும். ஒன்று, ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிற காற்றுப் பை இறங்கிப்போய், ஒட்டகம் மண்டி போட்ட மாதிரிப் பின்பக்கம் தரையைத் தொட்டிருக்கும். ஒன்றில் தண்ணீர்க் குழாய் ஏழாவது வருடம் பிஸ்கட் போல் நொறுங்கியிருக்கும், எல்லாம் பிளாஸ்டிக். இன்னொன்றில் மழைத்தண்ணீர் போகிற துவாரம் அடைத்து, கம்பளத்துக்கு அடியில் குளம் கட்டி, குளத்துக்குள் கம்ப்யூட்டர் நீச்சலடித்துக்கொண்டிருக்கும். "வாரண்டி முடியிற தேதி நமக்குத்தான் மறக்கும், வண்டிக்கு மறக்காது," என்பது தம்பியின் இன்னொரு வசனம்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கறுப்பு வண்டி, இழுவை வண்டியின் முதுகில் ஏறி வந்தது. கூடவே ஒரு பெண் பல் டாக்டர். ஐம்பது வயதிருக்கும், பேசும்போது எதிரில் இருப்பவர் வாயையே பார்க்கிற பழக்கம்.

"நாலு மாசத்துல மூணு பேட்டரி மாத்திட்டேன். நான் ஓட்டுறதே இல்லை. ஞாயித்துக்கிழமை மட்டும் கீழ வந்து ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். ரெண்டு வாரமா அதுக்கும் உயிர் இல்லை."

"ஓட்டாத வண்டி எதுக்கு டாக்டர்? யானையைக் கட்டித் தீனி போடுற கதையால்ல இருக்கு," என்றான் தம்பி.

டாக்டர் சிரிக்கவில்லை. தாலாட்டைப் பார்த்து, "எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். இது வண்டியோட கோளாறுதானா இல்லையா? கோளாறுன்னா அன்னைக்கே வித்துடுவேன்," என்றாள்.

"கோளாறு இல்லாம பேட்டரி எப்படி டாக்டர் இறங்கும்?"

"அதைத்தான் கேக்குறேன்."

தாலாட்டு ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தபோது, உட்புறம் வெள்ளைப் பெயின்டில் ஒரு சின்னப் பிறை இருந்தது. பக்கத்தில் ஒரு தேதி. அவளே போட்ட அடையாளம். தூங்கவைத்த ஒவ்வொரு வண்டியிலும் போடுவாள். பதினான்கு மாதத்துக்கு முன்பு இதே வண்டி இங்கே வந்திருக்கிறது. மனிதர்களை அவள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அப்போது நன்றாகத் தூங்கிய வண்டிதானே என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

இப்போதும் அது நன்றாகவே தூங்கியது. முதல் நாள் முப்பத்து நான்காவது நிமிடம். மீட்டர் பதினெட்டு மில்லி ஆம்பியரில் நின்றது. குழந்தை மூச்சு மாதிரி. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேண்டுமென்றே பக்கத்து வண்டியின் ஹாரனை அடிக்கச் சொன்னாள். அசையவில்லை.

ஸ்கேனரை மாட்டி வண்டியின் நினைவைப் படித்தாள். கோளாறு என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரிதான் கண்ணில் பட்டது: இந்த வண்டி இரண்டு சாவிகளை அடையாளம் தெரிந்து வைத்திருந்தது. டின்னில் இருந்தது ஒன்று.

போனில் கேட்டாள். "டாக்டர், இன்னொரு சாவி எங்க?"

டாக்டர் எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "அவர்கிட்ட," என்றாள் டாக்டர்.

"சார் எங்க?"

"தெரியலை."

மறுநாள் மதியம் தாலாட்டு தன் நாற்காலியையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனாள். வண்டி முந்தின மாலையே அங்கே வந்து தன் இடத்தில் நின்றிருந்தது. மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளம் முழுக்கத் தூண்களும் வண்டிகளும். டாக்டரின் வீடு அதற்கு நேர்மேலே, முதல் மாடியில். கறுப்பு வண்டி கடைசி மூலையில், பின்மதிலை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. மதிலில் நெஞ்சு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, காற்றுப் போகச் சின்னச் சின்ன ஓட்டைகள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து; பூட்டிக்கிடக்கும் கிடங்குகளின் முதுகுகள் மட்டும் உள்ள, யாருக்கும் வேலையில்லாத சந்து.

மதியம் ஒரு மணிக்குக் கிளினிக் மூடி நாலரைக்குத் திறப்பார்களாம். டாக்டர் தன் சாவியை டின்னில் போட்டு மாடியில் வைத்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். வண்டி தூங்குவதற்கு முன்பு பேசலாமா என்று கேட்டாள். பேசலாம் என்றாள் தாலாட்டு.

"இந்த வண்டி வேண்டாம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஆறு வருஷம் ஓடின பழைய வண்டி. அவருக்குச் சின்ன வயசு ஆசை. வாங்கின நாள்லேர்ந்து வாரம் ஒரு லைட் எரியும். போன வருஷம் எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. அப்பாவைப் பின்னாடி படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பெரிய ரோடு ஏறினதும் வண்டி மூச்சு விட்டுட்டுது. மிதிச்சாலும் போகலை. முப்பதுக்கு மேல நகரவே இல்லை."

தாலாட்டுக்குத் தெரியும். எஞ்சினுக்குப் போகிற காற்றில் குறை கண்டால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படி நொண்டத் தொடங்கும். தன்னை மட்டும்தான் காப்பாற்றிக்கொள்ளும்.

"சுத்தி எல்லா வண்டியும் ஹாரன் அடிக்குது. ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, ‘இவ்ளோ பெரிய வண்டி வச்சுக்கிட்டு ஊர்வலமா போறீங்க’ன்னு கேட்டான். அப்பா அதைக் கேட்டுக்கிட்டேதான் போனார்." டாக்டர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்ததும் நான் அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். ‘உங்க ஆசைதான் எங்கப்பாவைக் கொன்னுச்சு’ன்னு. பதினாறாம் நாள் சாயங்காலம் நடக்கப் போறேன்னு போனார். ‘தேடாதே’ன்னு ஒரு மெசேஜ். அதோட போன் அணைஞ்சுபோச்சு. உயிரோட இருக்காரான்னே தெரியலை. சொந்தக்காரங்க என்னென்னவோ சொல்றாங்க."

"வண்டி?"

"நாலு மாசம் முன்னாடி துணி எடுக்கக் கீழ வந்தேன். மதியம் ரெண்டரை இருக்கும். அந்தப் பக்கக் கண்ணாடி ரெண்டும் தானா விரிஞ்சுது. அவர் கிட்ட வந்தா விரியுமே, அப்படி. யாருமே இல்லை."

"சந்துல போய்ப் பாத்தீங்களா?"

டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினாள். "போய்ப் பாத்து யாரும் இல்லைன்னா நான் என்ன பண்றது? அதான் உங்ககிட்ட வந்தேன். கோளாறுதான்னு நீங்க சொல்லிட்டா நான் மனசைத் தேத்திக்குவேன்."

அவள் மாடிக்குப் போனாள். தாலாட்டு உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் வெயில் வரவில்லை. வாசல் கேட்டின் நிழல் மட்டும் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. டிக். மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பும் சத்தம். டிக். முப்பத்து நான்காவது நிமிடம் மீட்டர் பதினெட்டுக்கு வந்தது. வண்டி தூங்கிவிட்டது. மாடியில் டாக்டர் பாத்திரம் கழுவுவதும், நடப்பதும், நின்றுவிடுவதும் தெளிவாகக் கேட்டன.

இரண்டு இருபதுக்கு மீட்டரில் எண் துள்ளியது. ஒன்பது ஆம்பியர். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்ல முனகிக்கொண்டு விரிந்தன, யாரையோ வரவேற்கக் கை நீட்டுவது போல. முன்கதவின் கைப்பிடியில் வெள்ளை விளக்கு எரிந்தது. மதிலை ஒட்டிய பக்கத்துக் கைப்பிடியில் மட்டும். கேட்டைப் பார்த்த பக்கம் இருட்டாகவே இருந்தது.

தாலாட்டு திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள். மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் ஆள் நிற்க முடியாது. ஆனால் வண்டி அங்கேதான் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வண்டிகள் பொய் சொல்லி அவள் பார்த்திருக்கிறாள். இல்லாத கோளாறைச் சொல்லும், இருக்கிற கோளாறை மறைக்கும். சாவி விஷயத்தில் மட்டும் அவை பொய் சொன்னதில்லை.

அவள் எழுந்தாள். அம்மா தூங்கும் அறையில் நடந்த அதே நடை. வண்டியின் மூக்கைத் தாண்டிப் போய் மதில் ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்துக்கொண்டிருந்தது ஒரு சட்டை. மூச்சில் ஏறி இறங்குகிற பழுப்புச் சட்டை. ஒரு பொத்தான் போய் ஊக்கு குத்தியிருந்தது. அடுத்த ஓட்டையில் ஒரு கை. இறுக மூடிய விரல்களுக்கு நடுவே கறுப்பாகச் சாவியின் முனை. அதற்கு மேலே இருந்ததில் நரைத்த தாடியும், மதிலில் அழுத்தி வைத்த ஒரு காதும். கண்கள் மூடியிருந்தன. மாடியில் டாக்டர் ஒரு நாற்காலியை நகர்த்தினாள். அந்தச் சத்தத்துக்கு மதிலுக்கு அப்புறம் அந்த முகம், தாகமெடுத்தவன் தண்ணீர் குடிப்பது போல, லேசாக அசைந்தது.

தாலாட்டு சத்தமில்லாமல் நாற்காலிக்குத் திரும்பினாள். நாலு மணிவரை வண்டி மூன்று முறை அடங்கி, மூன்று முறை விழித்தது. டாக்டர் கீழே வந்து, "கோளாறா?" என்று கேட்டபோது, "நாளைக்கும் ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்றேன் டாக்டர்," என்றாள்.

அந்த மனிதரின் முகம் தாலாட்டுக்கு நினைவில் இல்லை. ஆனால் மதிலில் அழுத்தியிருந்த அந்தக் காதை நினைக்க நினைக்க ஒரு குரல் நினைவுக்கு வந்துவிட்டது. பதினான்கு மாதத்துக்கு முன்பு பட்டறை வாசலில் நின்ற குரல்: "வேற ஏதாவது இருக்காம்மா?"

பட்டறைக்குத் திரும்பியதும் அலமாரியைக் குடைந்து பழைய நோட்டை எடுத்தாள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, நினைவில் பதிந்திருக்கும் பழைய கோளாறுகளையெல்லாம் அழித்துவிடுவது அவள் வழக்கம். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். இந்த வண்டிகள் மாமியார் மாதிரி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் நூறு குறை எழுதி வைக்கும். அழிப்பதற்கு முன் அவள் மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்தத் தேதியில் அவள் கையெழுத்தில் ஆறு வரிகள் இருந்தன. ஐந்து ஒன்றுக்கும் உதவாதவை. ஆறாவது: ‘எஞ்சின் காற்றழுத்தம் குறைவு, எப்போதாவது.’

"தம்பி, இதைப் பாரேன்."

அவன் படித்தான், தேதியைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான். நோட்டை மூடி அவள் கையிலேயே திணித்தான். அப்புறம், "அக்கா, அவர் பேட்டரிக்குத்தானே வந்தாரு. நாம எல்லாருக்கும் அழிக்கிறதுதானே. இதைப் போய் யார்கிட்டயும் சொல்லி வைக்காதே," என்றான்.

"அவர் கேட்டார்டா. வேற ஏதாவது இருக்கான்னு வாயைத் திறந்து கேட்டார். ஒண்ணுமில்லை சார், நிம்மதியா ஓட்டுங்கன்னு சொன்னேன்."

"சரி, இப்ப சொன்னா செத்தவர் வந்துடுவாரா?"

"செத்தவர் வரமாட்டார்," என்றாள் அவள்.

மறுநாள் அதே நாற்காலி, அதே மீட்டர். இந்த முறை டாக்டரிடம், "மேல போகவேண்டாம். படியில உக்காருங்க. நான் என்ன பேசினாலும் குறுக்க பேசாதீங்க," என்றாள். டாக்டர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

வண்டி தூங்கியது. இரண்டு பதினெட்டுக்கு விழித்தது. கண்ணாடிகள் விரிந்தன. சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி வெளிச்சமானது. டாக்டர் தன் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தாலாட்டு தன் வாழ்க்கையில் முதல்முறையாக, தூக்கத்தைக் கலைக்கிற குரலில் பேசினாள்.

"சார், நான் பட்டறையில வயர் வேலை பாக்குறவ. போன வருஷம் இந்த வண்டியை நீங்கதான் கொண்டு வந்தீங்க. வேற ஏதாவது இருக்கான்னு கேட்டீங்க. நான் ஒண்ணுமில்லைன்னேன். இருந்துச்சு சார். காத்து குறையுதுன்னு வண்டி எழுதி வச்சிருந்துச்சு. நான்தான் அழிச்சேன். நோட்டு என் கையில இருக்கு, தேதியோட. அன்னைக்கு நான் சொல்லியிருந்தா நீங்க அந்த வண்டியில பெரியவரை ஏத்தியிருக்கமாட்டீங்க. நீங்க கேட்டீங்க சார். கேக்க வேண்டியதைக் கேட்டீங்க. தப்பு உங்களோடது இல்லை."

மீட்டர் ஒன்பதில் நின்றது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. டாக்டர் தாலாட்டைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. படிக்கவும் பயமாக இருந்தது.

'டக்.'

நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாகத் திறந்தன. உள்விளக்கு எரிந்தது. காலி இருக்கைகள் வெளிச்சத்தில் தெரிந்தன. பின் இருக்கையில் மடித்து வைத்த ஒரு போர்வை. சாவியின் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள்.

டாக்டர் எழுந்து வந்தாள். மதிலருகே போகவில்லை; வண்டியின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னாள்: "பின்பக்கம் வழி கிடையாது. சுத்தி முன்பக்கமா வாங்க. கேட் திறந்துதான் இருக்கு."

சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. பிறகு அதுவும் இல்லை.

கதவைத் திறக்காவிட்டால் இந்த வண்டிகள் இரண்டு நிமிடத்தில் தாமே பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. உள்விளக்கு அணைந்தது. கண்ணாடிகள் மடிந்தன. சுவர்ப் பக்கத்துக் கைப்பிடி இருண்டது.

"சந்தைச் சுத்தி வர எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?"

"ஏழு நிமிஷம். வந்தா."

தாலாட்டு நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்தினாள். டாக்டர் உட்காரவில்லை. "உங்க நோட்டை நான் அப்புறம் பாக்கணும்," என்றாள்.

"கொண்டு வந்திருக்கேன்."

"இப்ப வேண்டாம்."

இருவரும் கேட்டைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே எங்கோ ஒரு டிக். நான்கு நிமிடம் ஆயிற்று. ஆறு ஆயிற்று. ஏழு தாண்டியது. மீட்டரின் எண் மெல்லக் குறைந்துகொண்டு போவதைத் தாலாட்டு பார்த்தாள். ஒரு வண்டி தூங்கிவிடக்கூடாதே என்று அவள் பயந்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாவது நிமிடம் எண் துள்ளியது. கண்ணாடிகள் முனகிக்கொண்டு விரிந்தன. கேட்டைப் பார்த்த பக்கத்துக் கைப்பிடியில் விளக்கு எரிந்தது.